காதிரைச்சலுக்கு மூலிகை மாத்திரை: நம்பலாமா?

அண்மையில் ரப்பர்த் தோட்டமொன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, நடுத்தர வயதுடைய தொழிலாளி ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஒரு புட்டியைக் காட்டினார். பல ஆண்டுகளாகப் புல்வெட்டும் இயந்திரத்தைச் சுமந்து வேலை செய்து வருபவர் அவர். பகலில் ஒன்றும் தெரிவதில்லை என்றும், இரவில் வீடு அடங்கியதும் இரு காதுகளிலும் சில்வண்டு கத்துவது போன்ற ஓசை விடாமல் கேட்கின்றது என்றும் கூறினார். உறக்கம் கெட்டு, விடியற்காலையில் பிரட்டுக்குச் செல்வதே பெரும்பாடாகிவிட்டதாம்.

கைப்பேசியில் கண்ட விளம்பரம் ஒன்றை நம்பி, அவர் மூன்று புட்டிகளை 240 வெள்ளிக்கு வாங்கியிருந்தார். இரண்டு புட்டிகள் தீர்ந்துவிட்டன, இரைச்சல் தீரவில்லை. “ஐயா, மூன்றாவது புட்டியையும் சாப்பிட்டுப் பார்க்கட்டுமா, அல்லது இது ஏமாற்று வேலையா?” என்று கேட்டார்.

அந்த ஒரு புட்டியைப் பற்றி மட்டும் விடை கூறினால் போதாது. நாளை வேறொரு பெயரில் வேறொரு புட்டி வரும். ஆகவே, எந்தப் புட்டி வந்தாலும் அதனைச் சீர்தூக்கிப் பார்க்கும் முறையை அன்பர்கள் அறிந்திருத்தல் நலம். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரைச்சல் எங்கிருந்து வருகின்றது?

காதிரைச்சல் என்பது தனியொரு நோயன்று. அது ஓர் அறிகுறி. வெளியே ஓசை எதுவும் இல்லாதபோதும் ரீங்காரமோ, சீழ்க்கையோ, காற்றின் இரைச்சலோ கேட்பதையே இவ்வாறு அழைக்கின்றோம். இது அரிதானதுமன்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022ஆம் ஆண்டில் வெளியான அறிக்கையொன்று, பெரியவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் இதனை உணர்ந்துள்ளனர் எனக் கணக்கிட்டது.

நம் உட்செவியில் நத்தைக் கூடு போன்று சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் மிக நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஓசையின் அதிர்வை நரம்பின் வழியாக மூளைக்கு அனுப்புபவை இவையே. பேரிரைச்சல் இவற்றை அழிக்கின்றது, முதுமையும் அழிக்கின்றது. அழிந்த மயிரணு மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது, சரியாகக் கேட்காத வானொலியின் ஒலியை நாம் கூட்டுவது போல, மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றது. அப்போது எழும் வீண் ஓசையே பெரும்பாலோருக்குக் காதிரைச்சலாகத் தோன்றுகின்றது என்பது அறிவியலார் கருத்து.

வேறு காரணங்களும் உண்டு. காதில் குறும்பி அடைத்துக்கொள்ளுதல், காதில் சீழ் பிடித்தல், உட்செவிக் கோளாறு ஆகியவற்றாலும் இரைச்சல் வரலாம். மிகுந்த அளவில் உண்ணும் ஆஸ்பிரின், மலேரியாவுக்குரிய குவினைன், ஸ்டிரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகளும் இரைச்சலை உண்டாக்கக்கூடும்.

குறும்பியால் வந்த இரைச்சல் குறும்பியை அகற்றினால் தீரும். மருந்தால் வந்தது, மருத்துவர் அம்மருந்தை மாற்றினால் குறையலாம். பேரிரைச்சலால் மயிரணு அழிந்து வந்ததோ இவ்விரண்டாலும் தீராது. காரணங்கள் இவ்வாறு பலவாக இருக்க, எல்லாருடைய காதிரைச்சலையும் ஒரே மாத்திரை போக்கும் என்று ஒருவர் கூறினால், அங்கேயே நமக்கு ஐயம் எழ வேண்டும்.

“எனக்குக் குணமாயிற்று” என்னும் சான்று

விற்பனையாளர் பெரும்பாலும் காட்டும் சான்று, மருந்தை உண்டு நலம் பெற்றவரின் வாய்மொழியாகும். அவர் பொய் சொல்கின்றார் என்று நாம் கூறவில்லை. அவர் மெய்யாகவே நலம் பெற்றிருக்கலாம். ஆனால் அந்நலம் மாத்திரையால் வந்ததா என்பதே கேள்வி.

பால்வெட்டுத் தொழிலாளர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ரப்பர் மரங்கள் இலையை உதிர்க்கின்றன, பாலும் குறைகின்றது. அவ்வேளையில் ஒருவர் வந்து, “இப்பொடியை மரத்தடியில் தூவுங்கள், இரண்டு மாதத்தில் பால் பெருகும்” என்று விற்பதாகக் கொள்வோம். இரண்டு மாதத்தில் புதுத் தளிர் முற்றுகின்றது; பாலும் பெருகுகின்றது. அது பொடியின் ஆற்றலா? பொடி தூவாத பக்கத்து நிரையிலும் பால் பெருகியிருப்பதைக் கண்டால் உண்மை விளங்கிவிடும். பக்கத்து நிரையைப் பாராதவரோ பொடியைப் புகழ்ந்துகொண்டே இருப்பார்.

காதிரைச்சலும் அத்தகையதே. அது ஒரே நிலையில் இருப்பதில்லை. களைப்பும் கவலையும் மிகும்போது கூடும்; ஓய்வு கிடைத்தால் குறையும். புதிதாக வந்த இரைச்சல் சிலருக்குத் தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. வேறு பலருக்கு, ஓசை இருந்தும் மனம் அதற்குப் பழகிவிடுகின்றது. இரைச்சல் மிகக் கடுமையாக இருக்கும் நாளில்தான் ஒருவர் மாத்திரை வாங்குகின்றார். அதன்பின் அது குறைவது பெரும்பாலும் இயல்பு. ஆனால் புகழ் மாத்திரைக்குப் போய்விடுகின்றது. நலம் பெறாதவர்களோ வாய் திறப்பதில்லை. அவர்கள் பெயரை எந்த விளம்பரமும் போடுவதில்லை.

ஆகவேதான் ஆராய்ச்சியாளர் பக்கத்து நிரையையும் பார்க்கின்றனர். நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு உண்மை மருந்தையும், மற்றொரு பிரிவினர்க்கு அதே தோற்றமுடைய வெறும் மாத்திரையையும் கொடுக்கின்றனர். யாருக்கு எது என்பது சோதனை முடியும்வரை நோயாளருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. இரு பிரிவினர்க்கும் இடையே தெளிவான வேறுபாடு இருந்தால் மட்டுமே மருந்துக்கு ஆற்றல் உண்டு எனக் கொள்வர்.

கிங்கோ இலையின் கதை

அன்பர் காட்டிய புட்டியில் முதன்மையாக இருந்தது கிங்கோ என்னும் சீன நாட்டு மரத்தின் இலைச்சாறு. காதிரைச்சலுக்கென்று விற்கப்படும் மூலிகைகளுள் உலகில் மிகுதியாக ஆராயப்பட்டதும் இதுவே.

பிரிட்டனில் காதிரைச்சலுடைய 1,100க்கும் மேற்பட்டோரிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் நாள்தோறும் மூன்று வேளை, வேளைக்கு 50 மில்லிகிராம் வீதம், 12 வாரங்கள் கிங்கோ உண்டனர். மற்றவர் வெறும் மாத்திரை உண்டனர். 2001ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வெறும் மாத்திரையைவிடக் கிங்கோ மேலானதாக இல்லை. அமெரிக்காவின் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் கழகம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில், நீடித்த காதிரைச்சலுக்குக் கிங்கோ, துத்தநாகம், மெலடோனின் முதலிய சத்துப் பொருள்களை மருத்துவர்கள் பரிந்துரைக்க வேண்டாம் என்று கூறியது. காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2022ஆம் ஆண்டில் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், கிங்கோவால் பயன் சிறிதளவாகவோ இல்லாமலோ இருக்கலாம் என்பதே கண்ட முடிவு. அச்சான்றுகளும் வலுவற்றவை என்று அது குறிப்பிட்டது.

மிகுதியாக ஆராயப்பட்ட மூலிகையின் நிலையே இதுவென்றால், ஆராயப்படாத கலவைகளைப் பற்றி விற்பனையாளர் உறுதி கூறுவது எந்த ஆதாரத்தைக் கொண்டு என்று நாம் கேட்க வேண்டாமா?

மூலிகைதானே, தீங்கு என்ன?

“பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே” என்பார் பலர். நம் முன்னோர் வல்லாரையையும் தூதுவளையையும் உணவாக உண்டு வந்தனர். அதனை நாம் குறை கூறவில்லை. கீரையாக உண்பது வேறு. செறிவாக்கிய சாற்றை மாத்திரையாக்கி மாதக்கணக்கில் உண்பது வேறு. உடலில் வேலை செய்யும் பொருள் எதுவாயினும் அது தீங்கும் செய்யக்கூடும்.

கிங்கோவை ஆஸ்பிரின், வார்பரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடு சேர்த்து உண்டால் இரத்தக் கசிவு ஏற்படும் இடர் உண்டு. நம்மிடம் வினவிய அன்பர் இதயக் கோளாற்றுக்காக நாள்தோறும் ஆஸ்பிரின் உண்பவர். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வருவதைச் சில வாரங்களாகக் கண்டும், அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மூலிகை மாத்திரை உண்பதை மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டோம். “அது மருந்தில்லையே ஐயா, மூலிகைதானே, அதனால் சொல்லவில்லை” என்றார். புட்டியின் உண்மையான இடர் இவ்விடத்தில்தான் இருந்தது.

பதிவு பெறாத புட்டிகளில் மற்றோர் ஆபத்தும் உண்டு. மூலிகை என்று பெயரிட்டு, டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளை மறைவாகக் கலந்து விற்ற பொருள்களைச் சுகாதார அதிகாரிகள் நம் நாட்டில் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். அவற்றை உண்டால் தொடக்கத்தில் உடம்பு தெம்பாகத் தோன்றும். நாளடைவில் முகம் ஊதும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும். நெடுநாள் உண்டபின் திடீரென்று நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து நேரலாம். ஈயம், பாதரசம் போன்ற நச்சு உலோகங்கள் அளவுக்கு மீறிக் கலந்திருப்பதும் உண்டு.

புட்டியில் பார்க்க வேண்டியவை

1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, மாத்திரையாகவோ குளிகையாகவோ அடைத்து விற்கப்படும் பாரம்பரிய மருந்துகள் நம் நாட்டில் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு பெற்ற புட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்னும் மூன்று எழுத்துகளும், அவற்றையடுத்து எட்டு இலக்கங்களும், இறுதியில் ஓர் எழுத்தும் இருக்கும். இறுதி எழுத்து ‘டி’ எனில் அது பாரம்பரிய மருந்து. ‘என்’ எனில் சத்துணவுப் பொருள். ஒளிரும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருத்தல் வேண்டும். பதிவெண்ணையும் போலியாக அச்சிடுவோர் உளர். ஆதலால், தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத் தளத்தில் அவ்வெண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே தோன்றும் பெயரும் புட்டியில் உள்ள பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் சில நிமிடங்களில் இதனைச் செய்து கொடுப்பர்.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. பாரம்பரிய மருந்துக்குப் பதிவெண் அளிக்கும்போது, அதில் கலப்படம் உண்டா, நச்சு உலோகம் வரம்புக்குள் உள்ளதா, தயாரித்த இடம் தூய்மையானதா என்பன ஆராயப்படுகின்றன. அது காதிரைச்சலைக் குணப்படுத்தும் என்பதற்கு அவ்வெண் சான்றாகாது. பேருந்துக்குப் பதிவெண் உண்டு. அந்த எண், வண்டி முறையாகப் பதிவானது என்று மட்டுமே கூறும். நாம் போக வேண்டிய ஊருக்கு அவ்வண்டி போகும் என்று கூறாது. எண் இல்லாத புட்டியைத் தள்ளிவிடுங்கள். எண் உள்ள புட்டியையும் ஆராய்ந்தே வாங்குங்கள்.

விளம்பரத்துக்கும் சட்டம் உண்டு. மருந்து விளம்பரங்கள் மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதலைப் பெற்று, ‘கே.கே.எல்.ஐ.யூ.’ என்னும் எழுத்துகளோடு கூடிய எண்ணைத் தாங்கியிருக்க வேண்டும். மேலும், 1956ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம், குறிப்பிட்ட 20 வகை நோய்களுக்கு மருந்து உண்டென்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றது. நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு காது கேளாமையும் அப்பட்டியலில் உள்ளது. ஆகவே, “இரைச்சலும் தீரும், செவிட்டுத்தன்மையும் நீங்கும்” என்று கைப்பேசியில் ஒருவர் முழங்கினால், அவர் சட்டத்தை மீறுகின்றார் என்று அறிக.

விற்பவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

1. இதில் என்னென்ன பொருள்கள், எவ்வளவு எவ்வளவு உள்ளன? “கம்பெனி இரகசியம்” என்று விடை வந்தால் வாங்க வேண்டாம்.

2. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு இது சோதிக்கப்பட்டதா? யார் சோதித்தார்? எத்தனை பேரிடம்?

3. இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர் இதனை உண்ணலாமா? காதைப் பற்றியோ, உண்ணும் மருந்துகளைப் பற்றியோ ஒன்றும் கேளாமல் விற்பவர் மருத்துவம் அறிந்தவர் அல்லர்.

4. “நூற்றுக்கு நூறு குணம்”, “பக்க விளைவே இல்லை”, “இன்று மட்டும் இவ்விலை” என்று சொல்கின்றாரா? மருத்துவம் அறிந்தவர் இவ்வாறு பேசுவதில்லை.

5. மாத்திரையால் பயனில்லை என்றால், “இன்னும் மூன்று புட்டி சாப்பிட்டால்தான் தெரியும்” என்கின்றாரா? அப்படியானால் அவர் பார்ப்பது நம் காதையன்று. நம் சட்டைப் பையை.

காலம் கடத்தலாகாத அறிகுறிகள்

பணம் போனால் உழைத்து மீட்கலாம். செவிப்புலன் போனால் மீட்பது அரிது. மாத்திரையை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருப்பதே எல்லாவற்றிலும் பெரிய இழப்பு.

ஒரு காது சில மணி நேரத்திலோ, மூன்று நாள்களுக்குள்ளோ திடீரென்று மந்தமானால், இரைச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்க. இதற்குத் தகுந்த சிகிச்சை உண்டு. ஆயின் அது முதல் இரண்டு வாரங்களுக்குள், அதிலும் எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் தொடங்கப்பட வேண்டும். இரண்டு புட்டி தீரும்வரை காத்திருந்தால் அவ்வாய்ப்பு கைநழுவிப் போகும்.

தலையில் அடிபட்டபின் இரைச்சல் தோன்றினாலும், கடுந்தலைச்சுற்றலோ, முகமோ கை காலோ வலுவிழத்தலோ சேர்ந்து வந்தாலும் அவ்வாறே உடனே செல்க. ஒரு காதில் மட்டும் விடாது இரைதல், நாடித் துடிப்போடு ஒத்து ஓசை கேட்டல், காதில் வலி, சீழ் அல்லது இரத்தம் வடிதல் ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்தல் வேண்டும். எண்ணெயைக் காய்ச்சிக் காதில் ஊற்றுவதைத் தவிர்க்க. செவிப்பறை கிழிந்திருந்தால் அது பெருந்தீங்கு விளைவிக்கும்.

அப்படியாயின் வழி என்ன?

முதற்கண், தோட்ட மருத்துவ உதவியாளரிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ காதைக் காட்டுக. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கின் கட்டணம் 1 வெள்ளிதான். உண்ணும் எல்லா மருந்துகளையும், மூலிகைப் புட்டி உட்பட, கையோடு கொண்டு செல்க. காரணம் கண்டால் அதற்குரிய சிகிச்சை கிடைக்கும். தேவையாயின் கேட்கும் திறனைச் சோதிக்க மருத்துவமனைக்கு அனுப்புவர்.

அழிந்த மயிரணுக்களால் வரும் இரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை எதுவும் இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. இதனை மறைக்காமல் சொல்வதே முறை. ஆயினும் துன்பத்தைக் குறைக்க வழிகள் உண்டு. காது மந்தமானவர்க்குக் கேட்புக் கருவி பயன் தரலாம். இரவில் முழு அமைதியில் படுக்காமல், மின்விசிறியையோ மெல்லிய ஓசையில் வானொலியையோ ஓடவிட்டால் இரைச்சல் பெரிதாகத் தோன்றாது. ஓசையைப் பற்றிய அச்சத்தையும் கவலையையும் மாற்றும் மனப்பயிற்சி பலருக்கு உதவுகின்றது என்பது சோதனைகளால் தெரிய வந்துள்ளது.

மேலும் கெடாமல் காப்பது யாவற்றினும் தலையாயது. புல்வெட்டும் இயந்திரமும் ஆலை இயந்திரங்களும் தீங்கு விளைவிக்கும் அளவு இரையக்கூடியவை. 2019ஆம் ஆண்டு ஜூன் முதல் நடப்பிலுள்ள இரைச்சல் விதிகளின்படி, 8 மணி நேர வேலையில் இரைச்சலின் வரம்பு 85 டெசிபெல். அதனை மீறும் இடத்தில் காதுக் காப்புகளை முதலாளி வழங்க வேண்டும். தொழிலாளரின் கேட்கும் திறனையும் சோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்டுப் பெறுவது நம் உரிமை. பெற்றதை அணிவது நம் கடமை. வேலையிடத்து இரைச்சலால் செவிப்புலன் குறைவது தொழில் நோயாகும். அதற்காகச் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம். அதற்கு மருத்துவச் சோதனையின் சான்று வேண்டும்; மாத்திரைப் புட்டி சான்றாகாது.

நம்மிடம் வினவிய அன்பர் மூன்றாவது புட்டியைத் திறக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு அவ்வாரமே கிளினிக்குக்குச் சென்றார். மூலிகை மாத்திரையை மருத்துவர் நிறுத்தச் சொன்னார். ஈறில் இரத்தம் வருவதும் நின்றது. நெடுநாள் இயந்திர இரைச்சலால் காதின் திறன் குறைந்திருப்பது மருத்துவமனைச் சோதனையில் தெரிந்தது. இரைச்சல் முழுதும் நீங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதன் காரணம் இன்னதென்று அவருக்கு இப்போது தெரியும். காதுக் காப்பு அணிந்து வேலை செய்கின்றார். மின்விசிறி ஓசையில் ஓரளவு உறங்குகின்றார்.

பால்வெட்டும்போது ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் பார்த்தே கத்தியை வைக்கின்றோம். ஆழம் மிகுந்தால் மரம் கெடும் என்பது நமக்குத் தெரியும். மரத்துக்குக் காட்டும் அந்த விழிப்பை நம் உடலுக்கும் காட்டுவோம். அடுத்த முறை ஒரு புட்டி கைக்கு வந்தால், முதலில் காதை மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னர்ப் புட்டியையும் அவரிடமே காட்டுங்கள்.